டீக்கடைத் தீர்ப்பு

பாளையங்கோட்டையில் கல்லூரிகள் அதிகம். கல்லூரி ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் அதைவிட அதிகம். கூடைப்பந்துப் போட்டி முடிந்த மறுநிமிஷமே டீக்கடை பெஞ்சு ஹைகோர்ட் ஆகிவிடும்.

சென்ற மாதம் உள்ளூர்க் கல்லூரி ஒன்று ஒரே புள்ளியில் தோற்றது. கடைசி நிமிஷத்தில் கிடைத்த இரண்டு 'ஃப்ரீ த்ரோ'க்களையும் ஒரு பையன் தவற விட்டான்.

"கோச்சை மாத்தணும் வே! களைச்ச பயலை வெளியே உக்கார வைக்கத் தெரியல" என்றார் ஒருவர்.

"கோச் என்ன செய்வாரு அண்ணாச்சி? பதினஞ்சு அடியில நின்னு போடத் தெரியாதவன் டீம்ல எதுக்கு?" என்றார் மற்றவர்.

இந்த ஆட்டத்தை 1891-இல் அமெரிக்காவில் உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கான்ஸாஸ் பல்கலைக்கழகக் குழுவுக்கு 1907 வரை அவரே கோச். அவர் கணக்கு என்ன தெரியுமோ? 55 வெற்றி, 60 தோல்வி! ஆட்டத்தைப் பெற்ற தகப்பனுக்கே ஜயிக்கும் சூட்சுமம் கைவரவில்லை. அவருடைய மாணவர் ஃபாக் ஆலனோ, பின்னால் அதே குழுவுக்கு 590 வெற்றிகளைத் தேடித் தந்தார். ஆகவே, கோச்சைக் குறை சொன்ன அண்ணாச்சியின் கட்சியிலும் நியாயம் உண்டு.

கோச்சைத் தாராளமாக ஏசலாம். அவர் அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்குகிறார். ஆனால் அந்தப் பையன் விளையாட்டுத் திறமையால் இடம் கிடைத்துப் படிக்க வந்தவன். அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்தினால் தேவலை. தினமும் அந்தக் கடையில்தான் அவன் டீ குடிப்பான். போட்டிக்குப் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை.