கரணை யார் கையில்?

சாப்ட்வேர் கம்பெனியில சேர்ந்தா ட்ரெய்னிங், பரீட்சை, அப்புறம்தான் ஆணி புடுங்க விடுவாங்க. கொத்து வேலையில அதெல்லாம் இல்ல. பையன் சித்தாளா சேருவான். கல்லு எடுத்துக் கொடுப்பான், சாந்து சுமப்பான். கொத்தனார் சாப்பிடப் போன நேரம் கரணையை எடுத்து ஒரு மூலையில பூசிப் பார்ப்பான். ரெண்டு மூணு வருஷத்துல அவனும் கொத்தனார்.

லேசான தொழில் இல்லீங்க. உள்பூச்சு கனம் 12 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரை இஞ்ச். சுவரை நனைச்சு, தூக்குக்குண்டு பிடிச்சு, புள்ளி வச்சு, கலவையை வீசி அடிச்சு, மட்டப்பலகையால இழுத்து, மணியாஸ் கட்டையால தேய்க்கணும். சிமெண்ட் கூடினா மயிரிழை வெடிப்பு, குறைஞ்சா மண்ணா உதிரும். தண்ணி ஊத்தின கலவையை அரைமணிக்குள்ள தீர்க்கணும். அப்புறம் 7 நாளாவது சுவர் காயாம பாத்துக்கணும்.

உத்திரமேரூர் பக்கத்துல எங்க வீட்டுப் பூச்சு வேலைக்கு வந்த சித்தாள் அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. 18 வருஷ சர்வீஸ். ஒண்ணுக்கு அஞ்சு கலவையைப் பார்த்தே சொல்றாங்க. புதுப்பையனுக்குத் தண்ணி அளவு சொல்லிக் கொடுத்ததும் அவங்கதான். அவன் சீக்கிரமே கரணை பிடிப்பான், கூலி ஏறும். அக்கா அதே பாண்டு சட்டியோட நிப்பாங்க.

"நீங்க பூசலாமேக்கா?"

"கரணைய யாரு தம்பி நம்ம கையில குடுப்பா?"

மேஸ்திரிகிட்ட கேட்டேன். "பொம்பளைங்க சாரத்துல நிக்க முடியாது சார்"ன்னார். அந்த நேரம் அக்கா தலையில சாந்தோட சாரத்து மேலதான் நின்னுக்கிட்டிருந்தாங்க :-)

எங்க ஊர் வைகுண்டப்பெருமாள் கோயில்ல பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. கி.பி. 921ல வெட்டினது. வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ, சொந்த மனையில வீடுன்னு தகுதியெல்லாம் விவரமா எழுதியிருக்கும். கரணைக்கான தகுதியை யாரும் எங்கயும் எழுதல. ஆனா கல்வெட்டை விடக் கெட்டியா நிக்குது.

வேலையிலயே பழகின தொழிலைச் சோதிச்சு சான்றிதழ் தர்ற வழி 2015ல ஆரம்பிச்ச பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவுல வந்தது. நல்ல யோசனைதான். ஆனா கரணையையே தொட விடாதவங்ககிட்ட எதைச் சோதிக்கிறது?

ஜார்க்கண்ட்ல வேற வழியில போனாங்க. ஸ்வச் பாரத் கழிப்பறைகள் கட்ட, கிராமத்துப் பெண்களுக்கே கொத்து வேலை சொல்லிக் கொடுத்தாங்க. இந்தியில கொத்தனார் 'ராஜ் மிஸ்திரி'. இவங்க 'ராணி மிஸ்திரி' ஆயிட்டாங்க! சாரமும் சுவரும் அங்கயும் அதேதான். மாறினது, கரணையைக் கையில கொடுத்தது மட்டும்தான்.

எங்க வீட்டுப் பின்பக்கச் சுவரை அக்கா பூசட்டும், கெட்டா என் செலவுன்னு மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கேன். "பாக்கலாம் சார்"ன்னு இழுக்கறார். வீடு கட்டுற மக்களே, நீங்களும் ஒரு சுவருக்குக் கேட்டுப் பாருங்க. காசு கொடுக்கிறவன் கேட்டா மேஸ்திரி கொஞ்சமாவது யோசிப்பார்.