ஜூலை 1-க்குப் பிறகும் வகுப்பு உண்டு

சேவைச் சங்கங்களின் வருஷம் சித்திரையில் பிறப்பதில்லை, ஜனவரியிலும் பிறப்பதில்லை. ஜூலை 1-ல் பிறந்து மறு ஜூன் 30-ல் முடிகிறது. ரோட்டரி, லயன்ஸ் இரண்டுக்கும் இதே கணக்குதான். புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுப் பொருளாளர் வருவார்கள். கல்யாண மண்டபத்தில் பதவியேற்பு விழா நடக்கும். சால்வைகள், நினைவுப் பரிசுகள், மேடையிலேயே இரண்டு தையல் மிஷின், ஒரு மூன்று சக்கர வண்டி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுகள், பிறகு சாப்பாடு. மறுநாள் பேப்பரில் படம் வரும்.

நான் ராசிபுரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவன். இங்குள்ள சங்கம் ஒன்றில் நெடுநாள் உறுப்பினர். எந்தச் சங்கம் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. கண் சிகிச்சை முகாம், ரத்ததானம், மரக்கன்று நடுதல் என்றால் நான் நீ என்று வருவார்கள். எழுத்தறிவுக் குழுவுக்கு மட்டும் யாரும் கை தூக்க மாட்டார்கள். அப்படித்தான் அது என்னிடம் வந்தது. வந்தது என்னிடமே தங்கிவிட்டது.

ஒரு வருஷத் தலைமை என்கிற ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுப்புவது லேசான காரியமில்லை. ஜூன் 30 எழுப்பிவிடுகிறது. சாதி பார்த்து, வசதி பார்த்து ஒரே குடும்பத்துக்குள் சங்கம் சுருங்கிப் போகாமல் இருக்க இது ஒரு நல்ல காவல். ஆனால், ஐம்பது வயதில் முதல்முறையாகச் சாக்பீஸ் பிடிக்கும் ஒரு பெண்மணி, எழுத்துக் கூட்டி ஒரு நோட்டீஸை வாசிக்கிற நிலைக்கு வர எடுக்கும் காலம் எங்கள் வருஷக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஆடியில் அம்மன் பண்டிகை, கடலை பிடுங்கும் காலம், குச்சிக்கிழங்கு வெட்டி சேகோ ஆலைகள் மூச்சுவிடாமல் ஓடும் மாதங்கள், மகள் பிரசவம், மழை. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் வகுப்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கற்றுக்கொள்பவர் சூடு பிடிக்கிற நேரத்தில் தலைவர் மாறுவார். புதியவருக்குப் புதுத் திட்டம் வேண்டும். முந்தைய தலைவர் பெயரில் நடக்கிற வகுப்பு கேட்பாரில்லாமல் கரைந்துபோகும்.

இதற்கு மாற்று இல்லை என்பவர்களுக்கு நான் போலியோவைச் சொல்வேன். 1985-ல் ரோட்டரி அதைக் கையில் எடுத்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவானார். 2014 மார்ச் 27-ல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. அதற்குள் ஒவ்வொரு சங்கத்திலும் ஏறக்குறைய முப்பது தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். எந்தத் தலைவரும் ‘சொட்டு மருந்து போன வருஷத் திட்டம்’ என்று ஒதுக்கவில்லை. ஆகவே எங்களுக்கு நீடித்துச் செய்யத் தெரியாது என்பது உண்மையில்லை.

இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், வக்கீல் தொழிலில் பேர் வாங்கியவர் ராஜாஜி. 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். தொடங்கிவைத்துவிட்டுக் காரேறிச் சேலம் திரும்பவில்லை, அங்கேயே குடியேறினார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று ஆசிரமம் செய்ததெல்லாம் அக்கம்பக்கத்துக் கிராமங்களோடு கூடவே இருந்து செய்தது. மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற பத்திரிகையையும் அங்கிருந்து நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். அரசியலில் அவரை ஏற்காதவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. நானும் பல விஷயங்களில் அவரை ஏற்பவனில்லை. ஆனால் தொண்டு செய்யப் போகிறவன் அங்கே போய் இருக்க வேண்டும் என்பதில் அவர்தான் எங்களுக்கு மூத்தவர்.

எங்கள் மாவட்டங்கள் ஏழை மாவட்டங்கள் இல்லை. நாமக்கல்லில் லாரி, முட்டை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. குமாரபாளையம், பள்ளிபாளையத்தில் விசைத்தறி. சேலத்தில் வெள்ளிக்கொலுசு, சேகோ, ஸ்டீல். ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம் என்றால் நாமக்கல் 74.63, சேலம் 72.86. கையில் வேலை இருக்கிற ஊர்தான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது என்று நான் நினைக்கிறேன். எங்கள் வகுப்புக்கு வரும் பெண்களில் பலர், ஏழெட்டு வயதில் தறிக்குத் தார் சுற்றவோ கொலுசுக்கு வளையம் கோக்கவோ போனவர்கள். வறுமை ஒரு காரணம். வாசலிலேயே கூலி காத்திருந்தது இன்னொரு காரணம்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். முதல் வேலை ‘அ’ எழுதுவது அல்ல, கண்ணைப் பார்ப்பது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். அவர்களுக்கே அது தெரியாது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார்கள். அரிசியில் கல் பொறுக்க மருமகளைக் கூப்பிடுவார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால், “எனக்குப் படிப்பு ஏறாதுங்க சார்” என்பார்கள். ஏறாதது படிப்பில்லை, எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் சங்கங்கள் நடத்தும் கண் முகாம்கள் பெரும்பாலும் கண்புரையைத் தேடுகின்றன. அறுவை சிகிச்சை எண்ணிக்கை ஆண்டறிக்கையில் கம்பீரமாக நிற்கும். வாசிக்கிற கண்ணாடி கொடுத்த கணக்கை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. எழுத்தறிவு வகுப்புக்கு நான் கேட்கும் முதல் செலவு அதுதான். பலகை, நோட்டெல்லாம் பிறகு.

அடுத்தது எங்கே தொடங்குவது என்பது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், மொத்தம் 247 என்று முதல் நாளே சொன்னால் மறுநாள் பாய் காலியாக இருக்கும். நாங்கள் எண்ணிலிருந்து தொடங்குகிறோம். கைபேசி வந்த பிறகு எண் தெரியாதவர்கள் குறைவு. மனக்கணக்கில் அவர்கள் என்னைவிடக் கெட்டி. வாரக்கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சொல்லிவிடுவார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியதும் ஏ.டி.எம். அட்டையும் வந்தது. ரகசிய எண்ணை எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லிப் பணம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். “இந்த வயசுல படிச்சு கலெக்டரா ஆகப் போறேனுங்க?” என்று ஒரு ஆயா கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, “கலெக்டரு வேலைய வுடுங்க, உங்க ஆயிரத்த நீங்களே எடுங்க, போதும்” என்றார். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது.

எண்ணிலிருந்து பஸ் போர்டுக்குப் போவோம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் சைக்கிளில் போனார்கள். எங்கள் காலத்தில் அந்த இடத்தை டவுன் பஸ் பிடித்திருக்கிறது. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் கவலை போனதும் எங்கே போகலாம் என்ற எண்ணம் வந்தது. அதற்குப் போர்டைப் படிக்க வேண்டும். எங்கள் வட்டார ஊர்ப் பெயர்களே ஒரு பாடநூல். நாமக்கல்லில் காலும் புள்ளியும் வந்துவிடும். சேலம், மேட்டூரில் இரட்டைக் கொம்பு. கொல்லிமலை என்ற ஒரே பெயரில் கொம்பும் காலும் சேர்ந்தது ஒன்று, மேல்விலங்கு ஒன்று, ஐகாரம் ஒன்று. திருச்செங்கோடு எழுதத் தெரிந்தவருக்குப் பாதித் தமிழ் எழுதத் தெரியும். ஈகாரம் வேண்டுமென்றால் சீராப்பள்ளிக்குப் போகலாம். இப்போது வரும் மின்விளக்கு போர்டுகளைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு: எழுத்து ஓடுகிறது, புதிதாகப் படிக்கிறவருக்கு நிற்பதில்லை.

கொம்பு ஒரு பெரிய சங்கடம். காதில் ‘க்’ முதலில், ‘எ’ பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. குழந்தைகள் கேள்வி கேட்காமல் எழுதிவிடுவார்கள். பெரியவர்கள் நியாயம் கேட்பார்கள். கொஞ்சம் இடம் விட்டு எழுத்தை முதலில் எழுதச் சொல்லி, பிறகு திரும்பிப்போய் முன்னால் கொம்பைப் போடச் சொல்கிறோம். பள்ளி ஆசிரியர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எழுதிப் பழகிய பிறகு வரிசை தானாகச் சரியாகிவிடுகிறது. உகர, ஊகாரத்துக்கு விதி சொல்லிப் பயனில்லை. எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. மு என்றால் முருகன், கு என்றால் குமாரபாளையம் என்று சாமியையும் ஊரையும் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடக்க வேண்டும்.

கிழங்குத் தோல் சீவிய கை, செங்கல் தூக்கிய கை, பென்சிலைப் பிடித்தால் முனை ஒடியும். பந்துமுனைப் பேனா வழுக்கும். தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, பிறகு சிலேட்டு, பிறகு பென்சில் என்று வந்தால் கை இறுக்கம் தளர்கிறது. அவசரப்பட்டு நோட்டைக் கொடுக்கக்கூடாது.

சிலர் முழுக்கத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவர்கள் உண்டு. அப்படி ஒருவர் ‘லை’யைத் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் எழுதினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அது தப்பில்லை, 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்தைச் சீர்திருத்தும் முன்னால் ஊரே அப்படித்தான் எழுதியது என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர்தான் வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. பதினைந்து வயதைக் கடந்த எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. சொல்லிக் கொடுப்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் பார்த்துக்கொள்கிறது. வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வும் உண்டு. சிறுவயதில் உள்ளே போக முடியாத பள்ளிக்கூடத்தில், பேத்தி படிக்கும் வகுப்பறையில் போய்த் தேர்வு எழுதுவதை அந்தப் பெண்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல சேலை கட்டி வருகிறார்கள். ஆக, புத்தகமும் தேர்வும் அரசிடம் இருக்கின்றன. இடம், விளக்கு, கண்ணாடி, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வந்து உட்காரும் ஓர் ஆள்: இவை எங்களைப் போன்ற சங்கங்கள் கொடுக்கக்கூடியவை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் அரிது. காசோலை எழுதுகிறவர்கள் கிடைப்பார்கள், வகுப்பு நடக்கும் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடைக்காது.

ஆண்கள் வகுப்புக்கு வருவது குறைவு. லாரி ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதி 2019-ல் போய்விட்டது. அது நியாயமான மாற்றம். வண்டி ஓட்டத் தெரிந்தவனை மார்க் ஷீட் கேட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆனால் சரக்குச் சீட்டும் அபராதச் சீட்டும் படிக்கத் தெரியாதவனைத்தான் இன்றைக்கும் ஏமாற்றுகின்றன. மாதத்தில் பாதி நாள் குஜராத்திலும் ஒடிசாவிலும் இருப்பவரைச் சாயங்கால வகுப்பில் எப்படி உட்கார வைப்பது? இதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை. கோழிப்பண்ணைகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு கணக்கு. அவர்களைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் நாலைந்து மாதத்தில் எங்களைத் திருத்துகிற அளவுக்குத் தமிழ் பேசுகிறார்கள். சேர்க்கிற அன்று கூடப்போக ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வில் தேறிய பிறகு வருவதுதான் உண்மையான ஆபத்து. படிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கற்றது மறந்துபோகும். டீக்கடைப் பேப்பர் ஆண்களுடையது. அமெரிக்காவில் பல ரோட்டரி சங்கங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அகராதி கொடுக்கின்றன. நாமும் நோட்டும் பையும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் புதிதாகப் படித்த பெரியவர் கையில் பெரிய எழுத்தில் அச்சடித்த எதையாவது கொடுத்த சங்கம் எத்தனை? 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். எங்கள் பக்கம் சில பூட்டியே கிடக்கின்றன. ஒன்றைத் திறந்து, சாயங்காலம் இரண்டு மணி நேரம் விளக்குப் போட்டு வைத்தால் ஒரு பதவியேற்பு விழாச் செலவில் ஒரு வருஷம் ஓடும்.

இந்த ஜூலையில் பொறுப்பேற்கும் தலைவர்களே, போன வருஷத் தலைவர் தொடங்கிய வகுப்பு உங்கள் ஊரில் எங்காவது நடந்துகொண்டிருந்தால் அதையே உங்கள் திட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையில் ஆண்டைப் போடாதீர்கள். சால்வைச் செலவைக் குறைத்துக் கண்ணாடி வாங்குங்கள். சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். தன்னார்வலர் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்வார்.