மாமன் மடியில் ஒரு மொட்டை

மதுரை ரயில்வே ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் எல்லாரும் கிழக்கே பார்த்து நடப்பதுதான் வழக்கம். மீனாட்சியம்மன் கோபுரம் அப்படி இழுக்கும். நாம் இன்று மேற்கே போகிறோம். வைகையின் தென்கரையை ஒட்டி, மேலக்கால் ரோட்டில் இருக்கிறது கோச்சடை. எட்டாம் நூற்றாண்டில் கோச்சடையன் என்று ஒரு பாண்டிய மன்னர் ஆண்டாரே, அவருடைய பெயர் உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் நம் இடுப்பில் இருப்பதோ பத்து மாதக் குழந்தை. சரித்திரம் கேட்க அதற்குப் பொறுமை கிடையாது!

அது முடியிறக்க வந்திருக்கிறது. கோச்சடையில் வில்லாயுதமுடைய அய்யனாரும் முத்தையா சுவாமியும் கோயில் கொண்டிருக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு இதுதான் குலதெய்வம். வாசலில் பிரமாண்டமான குதிரைகள். அவற்றின் நிழலில், முதல் மொட்டை, காது குத்து, கிடா விருந்து என்று மதுரைக் குழந்தைகளின் வாழ்க்கை ஊரறியத் தொடங்குகிறது. காதணி விழாவுக்குச் சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டும் ஊரல்லவா இது? தாய்மாமன் சீர்த் தட்டோடு மேளம் முழங்க வந்துவிடுவார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஏழெட்டு மாதம் வரை யார் கை நீட்டினாலும் தாவுகிற குழந்தை, அதன் பிறகு வேற்று முகம் அறியத் தொடங்குகிறது. அது நோயல்ல, புத்தி வளர்ந்ததற்கு அடையாளம். நாமோ சரியாக அந்த வயதில், என்றோ ஒரு நாள் பார்த்த மாமன் மடியில் உட்காரவைத்து, முன்பின் பார்த்திராத ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்துத் தலையைக் குனியவைக்கிறோம். அலறாமல் என்ன செய்யும்? மாமாமார்களே, சீர்த் தட்டு பின்னால் வரட்டும்; நீங்கள் இரண்டு நாள் முன்னதாக வந்து குழந்தையோடு தரையில் தவழுங்கள்!

நான் போயிருந்த அன்று ஓர் இளம் தாய்க்கும் அவள் மாமியாருக்கும் மெல்லிய தகராறு. அந்தப் பெண் பையிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்து நாவிதரிடம் நீட்டினாள்.

"இதே கோயில்லதானே உம் புருசனுக்கும் மொட்டை போட்டோம்? அப்ப யாரு பிளேடு கொண்டாந்தா?" என்றார் அப்பத்தா.

பெண் பதில் பேசவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. சுற்றி நின்ற பங்காளிகள் வேறு பக்கம் பார்த்தார்கள். நாவிதர்தான் காப்பாற்றினார். "குடு ஆத்தா, பிள்ளைக்கு நல்லதுதானே" என்று வாங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி உறையைப் பிரித்தார்.

அந்தப் பெண் செய்தது சின்னக் காரியமல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பட்டிருந்தாலும், ஒரே பிளேடு ஹெபடைடிஸ் பி என்ற காமாலை நோயை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குக் கொண்டுபோகக் கூடும். காது குத்தும் ஊசிக்கும் இதே கதைதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பிறந்தவுடனும், பிறகு 6, 10, 14 வாரங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடுகிறார்கள். அந்த 6, 10, 14 வார ஊசியிலேயே ரண ஜன்னிக்கும் காப்பு இருக்கிறது. ஆகவே அட்டையை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முகூர்த்தத்தைத் தள்ளிப் போடுங்கள். முத்தையா கோபித்துக்கொள்ள மாட்டார். "பல் முளைக்கிற காய்ச்சல்" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல காய்ச்சல் பல்லால் வருவதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

உச்சிக்குழி ஒன்றரை வயது வரைகூட மூடாமலிருக்கலாம். அங்கே கை அழுந்தக் கூடாது என்பது அனுபவமுள்ள நாவிதருக்கு நாம் சொல்லாமலே தெரியும். மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது மட்டும் வெறும் ஆசை. வேர் தோலுக்குள் அல்லவா இருக்கிறது! வேண்டுதலுக்காக அடியுங்கள், போதும்.

சிவராத்திரிக் கூட்டத்தில் பந்திக்கு மணி இரண்டாகிவிடும். கிடா விருந்து பெரியவர்களுக்கு. சின்னவருக்குக் காரமில்லாத பருப்பு சாதம், குழைந்த இட்லி கையோடு இருக்கட்டும். இடையில் தாய்ப்பால் கேட்டால் கொடுக்கத் தயங்காதீர்கள். பிரசாதத்தில் தேன் இருந்தால் ஒரு வயது நிறையும் வரை நாக்கில் தடவ வேண்டாம். மழித்த தலைக்கு ஒரு பருத்தித் துணித் தொப்பி அவசியம்; மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அழுது ஓய்ந்து, சந்தனம் பூசிய தலையோடு விம்மிக்கொண்டே மாமன் தோளில் வெளியே வந்தது. வாசல் குதிரையைப் பார்த்தது. விம்மல் நின்றது. சுட்டுவிரலை நீட்டி, "ம்மா!" என்றது.

"அது பசு இல்லடா, குதிரை" என்றார் மாமன்.

பின்னால் வந்த அப்பத்தா, "பத்து மாசத்துல விரல் நீட்டிக் காட்டுதே, பாத்தியா?" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே தொப்பியை வாங்கிப் பேரன் தலையில் மாட்டினார்.