அவன் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை

கண்ணு,

உன் காரைப் பின்னாலிருந்து இடித்த அந்த டாக்ஸிக்காரன், தப்பு தன் மேல்தான் என்று வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காக, வைட்ஃபீல்ட் ஹோப் ஃபார்ம் சிக்னலில் ஒரு சாயங்காலம் முழுவதையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அவன் சொல்லவில்லை. லைசென்ஸ் காட்டவில்லை, இன்ஷூரன்ஸ் பேப்பர் காட்டவில்லை, ஓனர் நம்பர் கேட்டால் சிரித்தானாம். கடைசியில் 'ஏன் மாட்தீரோ மாட்கொள்ளி', என்ன செய்வாயோ செய்துகொள், என்று சொல்லிவிட்டு காடுகோடி பக்கம் போய்விட்டான். 'அவன் ஒத்துக்கவே இல்லையே பெரியப்பா, இனி எப்படி கிளெய்ம் பண்றது?' என்று ராத்திரி போனில் கேட்டாய். நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலையில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். லாரிக்காரர்கள் கேட்கவே மாட்டார்கள், அவர்களுக்குத் தெரியும்.

உன் வண்டிக்குப் பணம் தர வேண்டியது உன் கம்பெனி. நீ எடுத்திருப்பது முழு பாலிசி. அதில் ஒரு பாதி உன்னால் மற்றவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு, அதைத்தான் தேர்டு பார்ட்டி என்பார்கள்; இன்னொரு பாதி உன் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கு. இரண்டாவதற்கு, யார் மேல் தப்பு என்ற கேள்வியே முதலில் வராது. நீயே போய்ச் சுவரில் மோதினாலும் அது பணம் தரும். அப்புறம் அந்த டாக்ஸிக்காரன் தலையாட்டினால் என்ன, ஆட்டாவிட்டால் என்ன? அவன் கையெழுத்துக்கு கிளெய்ம் ஃபாரத்தில் இடம்கூடக் கிடையாது. உன் கம்பெனி பிறகு அவன் கம்பெனியிடம் வசூல் செய்யுமா என்பது அவர்கள் பாடு.

பேப்பர் காட்டவில்லை என்பதுதான் உனக்கு ரொம்ப ஆத்திரம். சட்டத்தைப் பார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, லைசென்ஸையும் இன்ஷூரன்ஸையும் சீருடையில் இருக்கும் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்கிறது. நீ கேட்டால் காட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் 134-ஆம் பிரிவு அவனை விடாது. ஒருவருக்குக் காயம் பட்டாலோ, இன்னொருவர் சொத்துக்குச் சேதம் ஆனாலோ, இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் டிரைவரே போய்ச் சொல்ல வேண்டும். 133-ஆம் பிரிவில், வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் ஓனர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே உனக்கு வேண்டியது அவன் பெயரோ விலாசமோ மன்னிப்போ அல்ல. நம்பர் பிளேட் போதும். எம்-பரிவாகன் செயலியில் அந்த நம்பரைப் போட்டால் அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

நீ போனை எடுத்ததும் முதலில் அவன் முகத்தைப் படம் பிடித்தாயாம். அங்கேதான் சண்டை முற்றியது. முகத்தை எடுக்காதே, யாருக்கும் பிடிக்காது, கிளெய்முக்கும் உதவாது. நாலு அடி பின்னால் தள்ளி நின்று, இரண்டு வண்டியும் நம்பர் பிளேட்டும் சிக்னல் கம்பமும் ரோட்டுக் கோடும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடு. வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னாலேயே எடு. அடிபட்ட இடத்தைக் கிட்டத்தில் எடுப்பது அதற்கு அப்புறம்.

ஒரு சர்வேயர் உன் காரின் பின்னால் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் என்ன பார்ப்பான் என்று சொல்கிறேன். முதலில் கீறலின் உயரம். உன் பம்பரில் தரையிலிருந்து எந்த உயரத்தில் அடி இருக்கிறதோ, அந்த உயரத்தில் மோதக்கூடிய வண்டியைத்தான் நீ சொல்கிறாயா என்று மனசுக்குள் அளப்பான். தண்ணி டாங்கர் இடித்தால் அடி மேலே, டிக்கி கதவில் விழும். டாக்ஸி இடித்தால் பம்பர் நடுவில். அடுத்தது பெயின்ட். இடித்த வண்டியின் நிறம் கீறலின் ஓரத்தில் மெல்லிசாக ஒட்டியிருக்கும், கீறல் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பதும் தெரியும். வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதுவே சொல்லிவிடும். அந்த டாக்ஸிக்காரன் மறைத்ததை அவன் வண்டியின் பெயின்ட் மறைக்காது. அதனால்தான் சர்வே முடியும் வரை வண்டியை வாட்டர் வாஷுக்கு விடாதே என்பது. உன் அபார்ட்மென்டில் தினமும் காலையில் கார் துடைக்கும் பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடு. பழைய கீறல் இருந்தால் அதையும் சர்வேயரிடம் நீயே காட்டு. துரு ஏறின கீறலை நேற்று விழுந்தது என்று சொன்னால், நேற்று விழுந்ததையும் சேர்த்தே சந்தேகப்படுவான்.

வைட்ஃபீல்ட் ரோட்டில் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். 1880-களில் டி.எஸ். வைட் என்பவரின் முயற்சியில், மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் விவசாயம் பண்ணிப் பிழைக்க அமைந்த குடியிருப்பு இது. இன்னர் சர்க்கிளில் காலை நடைக்குப் போகும்போது அந்தக் காலத்து அகலம் இன்னும் தெரியும். தொண்ணூறுகளில் ஐ.டி.பி.எல். டெக் பார்க் வந்தது. 2023-இல் மெட்ரோ வந்தது. ரோடு மட்டும் எங்கே வரப்போகிறது? வர்த்தூர் கோடியிலும் குந்தலஹள்ளி கேட்டிலும் பத்து நிமிஷம் நின்று பார்த்தால், உரசாமல் போகிற வண்டிகளைப் பார்த்துத்தான் ஆச்சரியப்படத் தோன்றும்.

பெங்களூரில் விபத்துப் புகாரை எடுப்பது டிராபிக் போலீஸ் ஸ்டேஷன். சாதாரண ஸ்டேஷனுக்குப் போனால் அங்கிருந்து இங்கே அனுப்புவார்கள், வீண் அலைச்சல். யாருக்கும் காயம் இல்லாத சின்ன உரசலுக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே பெரும்பாலும் கிளெய்ம் முடியும். ஆனாலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வை. அந்த டாக்ஸிக்காரன் நாளைக்கு இடுப்பு வலி என்று ஒரு கதையோடு முதலில் போய் உட்கார்ந்தால், உன் பக்கத்தில் தேதி போட்ட ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். யாருக்காவது காயம் என்றால் பேச்சே வேறு: முதலில் 112, ஆஸ்பத்திரி, அப்புறம் கட்டாயம் எஃப்.ஐ.ஆர்.

கூட்டம் சேர்ந்ததும் யாரோ 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று உன் கையில் இரண்டாயிரம் ரூபாயைத் திணிக்கப் பார்த்ததாகச் சொன்னாய். வாங்காதது நல்லது. பம்பருக்கு உள்ளே பார்க்கிங் சென்சார் இருக்கும், அதன் பின்னால் இரும்புச் சட்டம் இருக்கும். கழற்றினால்தான் வளைந்திருப்பது தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டால் கணக்கு தீர்ந்தது என்று டாக்ஸிக்காரன் சொல்வான், பாதிக் கூட்டம் அதற்குச் சாட்சி சொல்லும். இன்னொன்று, நீ இங்கிலீஷில் சத்தம் போட்டாயாம். இந்த ஊரில் இருக்கிறாய், நாலு வார்த்தை கன்னடத்தில் பேசக் கற்றுக்கொள். 'அண்ணா' என்று ஆரம்பித்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். அதுவும் அடங்காத முரடனாக இருந்தால் கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, உள்ளேயே உட்கார்ந்து 112-க்குப் போடு. வேண்டுமென்றே உரசிவிட்டுப் பணம் பறிக்கும் ஆட்களும் இந்த ஊரில் உண்டு. முன் கண்ணாடியில் ஒரு டேஷ்கேம் மாட்டு. உன் சம்பளத்துக்கு அது பெரிய செலவில்லை.

ஃபாரம் எழுதும்போது உன் சிநேகிதர்கள் நிறைய யோசனை சொல்வார்கள். 'பார்க்கிங் தூணில் இடித்தது என்று எழுது, கேள்வியே வராது' என்பான் ஒருவன். டாக்ஸி பெயின்ட் ஒட்டின பம்பரை வைத்துக்கொண்டு தூண் என்று எழுதினால் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கும். வண்டி ஓட்டியது உன் தோழி என்றால் அவள் பெயரையே எழுது. சரியான லைசென்ஸ் இருக்கிற யார் உன் அனுமதியோடு ஓட்டினாலும் பாலிசி செல்லும். இது தெரியாமல் பெயரை மாற்றி எழுதி, கிடைக்க வேண்டிய பணத்தை இழந்த நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்ததை மூன்று வரியில் எழுது: சிக்னலில் நின்றிருந்தேன், பின்னாலிருந்து இன்ன நம்பர் டாக்ஸி மோதியது, டிரைவர் பேப்பர் எதுவும் காட்டாமல் போய்விட்டார். அவன் எப்படிப்பட்டவன் என்பதை எழுதாதே.

இனி காசுக் கணக்கு. இதைத்தான் யாரும் உட்கார்ந்து போடுவதில்லை.

உன் வண்டிக்கு ஏழு வயது, தேய்மானம் கழிக்காமல் தருகிற ஜீரோ டெப் உன் பாலிசியில் இல்லை. அப்படியென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். ஐந்து வயது தாண்டி, பத்து வயது தாண்டாத வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவில்லை, கூலிக்குக் கழிவில்லை. 1500 சி.சி. வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உன் பாடு. ஒரு பேச்சுக்கு 14,000 ரூபாய் பில் வருகிறது என்று வை: பம்பர் 6,000, டிங்கரிங், பெயின்டிங், கூலி எல்லாம் 8,000. பம்பரில் 3,000 போகும், பெயின்ட் சாமானில் கொஞ்சம் போகும், அந்த ஆயிரமும் போகும். கம்பெனி தருவது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

போகிறது எவ்வளவு? கிளெய்ம் வாங்காமல் இருந்ததற்கு உனக்கு இப்போது 50 சதவீதம் போனஸ் இருக்கிறது. ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருஷம் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி, மறுபடி 50-க்கு வர வேண்டும். உன் வண்டிச் சேதப் பகுதியின் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னால் 16,000 என்று வைத்துக்கொண்டால், முதல் வருஷம் 8,000 கூடுதலாகக் கட்டுவாய், அடுத்து 4,800, 4,000, 2,400, 800. கூட்டினால் 20,000. ஒன்பதாயிரம் வாங்க இருபதாயிரம் கொடுப்பதா? தப்பு அவனுடையது, போனஸ் போவது உனக்கு, இந்த அநியாயம் இந்த ஏற்பாட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே கராஜில் எஸ்டிமேட்டை நாளைக்கே வாங்கு. ரிப்பேரை ஆரம்பிக்கச் சொல்லிவிடாதே, பிரித்துப் போட்ட வண்டியை எந்த சர்வேயரும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அவன் இன்ஷூரன்ஸிலிருந்தே வாங்க முடியாதா என்றால், முடியும். அதற்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பெங்களூரில் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் அது நடக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது, 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருக்கிறவனுக்கு வேறு வழியில்லை. உனக்கு 14,000 ரூபாய்க்கு வக்கீல் ஃபீஸ் கட்டுப்படியாகாது. ஆனால் கை கால் ஒடிந்திருந்தால் இதே வழிதான் பெரிய வழி. அடிபட்டவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்க, இடித்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டுமே! நம் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்பு வழக்குப் போட்டார். அதில் வந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று வருஷம், டூவீலர்களுக்கு ஐந்து வருஷம் சேர்த்தே தேர்டு பார்ட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

பெரிய கிளெய்ம் ஆகி, கம்பெனி இழுத்தடித்தாலும் பதறாதே. முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடு. சர்வே ரிப்போர்ட் நகலையும் கேட்டு வாங்கு. ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ, ஜே.பி. நகரில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் ஆபீஸ் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இப்போதைக்கு ஒன்று செய். டிக்கியைத் திறந்து மூடிப் பார். ஒரே தள்ளலில் பூட்டினால் அநேகமாக அடி பம்பரோடு நின்றுவிட்டது, உன் கைக்காசிலேயே சரி செய்துவிடலாம். இழுத்து அடித்தால்தான் பூட்டுகிறது, மழைத் தண்ணி உள்ளே வருகிறது என்றால் அநேகமாக உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறது. அப்போது பில் பெரிதாகும், போனஸைப் பார்க்காமல் அன்றைக்கே கிளெய்ம் பதிவு செய்.