சாரதியும் குடியுரிமையும்

2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. இரண்டாம் நாட் காலையிலேயே மைத்துனர் தமது கார்ச் சாவியை என் கையில் வைத்து, "கடைக்குப் போய் வாருங்கள், அத்தான்" என்றார். நான் தயங்கினேன். ஆனால், தன் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியாகாமல் இருப்பின் பதினெட்டு வயது நிரம்பிய பயணி அதனைக் கொண்டே கலிபோர்னியாவில் வண்டி ஓட்டலாம் என்பது சட்டமாம். வீதியின் இடப்பக்கமாக ஓட்டிப் பழகிய நான், வலப்பக்கமாக ஓட்ட வல்லேனோ என்று ஒருவரும் சோதிக்கவில்லை.

அந்த வாரம் புல்வெட்ட வந்தார் ஒரு தோட்டக்காரர். மெக்சிக்கோ நாட்டவர், ஏறக்குறைய என் வயதினர். நண்பகலில் தங்கை கொடுத்த தேநீரை அருந்தியவாறு மரநிழலில் அமர்ந்தார். பாடசாலையில் ஸ்பானிய மொழி பயிலும் மருமகன் எங்களுக்கிடையே மொழிபெயர்த்தான்.

அவர் 1998இல் உரிய பத்திரங்களின்றி வந்தவர். சட்டபூர்வமாக நாட்டில் இருப்பவர்க்கே அனுமதிப்பத்திரம் என்ற விதி கலிபோர்னியாவில் 1994 முதல் நடைமுறையில் இருந்தது. பேருந்தில் ஏற்றிச் செல்லக்கூடியதா புல்வெட்டும் இயந்திரம்? பத்திரமின்றியே பதினேழு ஆண்டுகள் வண்டி ஓட்டினார். ஒருமுறை பொலிசார் மறித்து வண்டியை முப்பது நாட்கள் தடுத்து வைத்தனர். மீட்கும் கட்டணம் வண்டியின் விலையை விஞ்சியதால் அதை அங்கேயே கைவிட்டார்.

அதனினும் என்னை உலுக்கியது மற்றொரு நிகழ்ச்சி. ஓர் இரவு, சமிக்ஞை விளக்கருகே நின்ற அவர் வண்டியைப் பின்னால் வந்த கார் மோதியது. பிழை முழுவதும் பின்னால் வந்தவருடையது. எனினும் தப்பி ஓடியவர் இவரே! பொலிஸ் வந்தால் பத்திரம் கேட்பார்கள் என்ற பயம். "மோதியவருக்கு என்ன நேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது" என்று சொல்லித் தலைகுனிந்தார். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற நம்மவர்க்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டு ஆளுநர் ஜெரி பிரவுன் கையொப்பமிட்ட சட்டம் 2015 ஜனவரி முதலாந் திகதி அமுலுக்கு வந்தது. தம்மை இன்னார் என்றும், அம்மாநிலத்தில் வசிப்பவர் என்றும் நிறுவி, பரீட்சைகளில் சித்தியடைபவர்க்குக் குடிவரவு நிலை நோக்காது அனுமதிப்பத்திரம் வழங்கப்படலாயிற்று. நம் தோட்டக்காரர் எழுத்துப் பரீட்சையில் முதன்முறை தவறினார். பின்னர் அங்கேயே பிறந்து அந்நாட்டுப் பிரசையான மகள், அப்போது பன்னிரண்டு வயதினள், ஒவ்வோர் இரவும் கேள்வி கேட்டுத் தந்தையைப் பயிற்றினாள். இரண்டாம் முறை சித்தியடைந்தார். அந்தச் சிறு ஆசிரியையை எண்ணி என் உள்ளம் நெகிழ்ந்தது.

அன்றிரவு உணவு வேளையில் இதைக் கூறியபோது மைத்துனரின் முகம் வாடியது. "நான் வரிசையில் பல ஆண்டுகள் காத்திருந்து வந்தவன். சட்டத்தை மீறியவர்க்கும் அதே பத்திரமா?" என்றார். அந்த மனத்தாங்கலை நான் அற்பமென எண்ணவில்லை. காத்திருந்தவனுக்கே காத்திருப்பின் வலி தெரியும்.

எனினும், அந்தப் பத்திரம் வாக்குரிமை தருவதில்லை. வேலை செய்யும் உரிமையோ, தங்கும் உரிமையோ தருவதில்லை. இவர் வீதி விதிகளை அறிந்தவர் என்பதற்கு மட்டுமே அது சான்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, இச்சட்டத்தின் முதலாண்டில் மோதிவிட்டுத் தப்பியோடும் விபத்துக்கள் 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்ததாகவும், மொத்த விபத்துக்கள் பெருகவில்லை என்றும் காட்டியது. அதே வீதியில்தான் மைத்துனரின் பிள்ளையும் பாடசாலைக்குச் செல்கின்றான். அவன்மீது ஒரு வண்டி மோதினால், ஓட்டியவர் பயந்து ஓடாமல் நின்று உதவுவதல்லவா நமக்கு வேண்டியது? மூன்று வாரம் தங்கும் என்னைச் சோதியாது விட்ட வீதி, இருபத்தொரு ஆண்டுகள் உழைத்தவரைச் சோதித்த பின்னரேனும் ஏற்றுக்கொண்டதில் அநீதி ஏதும் எனக்குத் தோன்றவில்லை. மைத்துனர் மறுமொழி கூறவில்லை, உடன்படவுமில்லை.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸில் குடிவரவு அதிகாரிகள் பரவலாகக் கைதுகளில் ஈடுபட்ட செய்தி வந்தபோது, தங்கையைத் தொலைபேசியில் அழைத்துத் தோட்டக்காரரைப் பற்றி விசாரித்தேன். பத்திரம் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் இப்போது வண்டியை ஓட்டி வருபவள் மகள். அவர் அருகில் அமர்ந்து வருகின்றாராம்.

"அன்று அத்தான் சொன்னது சரிதான் என்று இவர் சொல்லச் சொன்னார்" என்று தங்கை முடித்தாள்.