நாற்பத்தைந்து, ஆறு, பதினெட்டு

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் வாழ்நாளைக் கழித்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க் கோப்பையோ தட்டோ கைக்கு வந்தால், அதன் பூவேலையையும் மெருகையும் பார்ப்பதற்கு முன்பே அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். செய்தவன் பெயர், நாட்டின் பெயர், ஓர் எண், ஒரு முத்திரை என்று ஏதேனும் அங்கே இருக்கும். அதைக் கொண்டு பாண்டத்தின் வயதையும் குலத்தையும் அனுமானிப்பதில் இவ்வூர்ப் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும்போது வெளிப்படுகிற களிமண்ணை அண்டையிலேயே பெற்று, மின்சார ஃபியூஸ் கட்டைகளும் கொலு பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்து வாழ்கின்ற ஊர் இது. ஆகவே, செராமிக் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள ஒரு வீட்டுப் பரணிலிருந்து பழைய கிதார் ஒன்று கீழே இறங்கியபோது, அதையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் எழுந்தது இயல்பே.

பழைய வாத்தியங்களின் பூர்வோத்தரத்தை விசாரிப்பதில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்து, அவ்வீட்டு அம்மையார் என்னை அழைத்திருந்தார். காலமான அவருடைய கணவர் அச்சு வார்ப்பதில் பெயர் பெற்ற தொழிலாளி. "எங்க மாமனாரு நேதாஜி படையில இருந்தவருங்க, சார். சண்டை முடியற சமயத்துல ஜப்பான்கார ஆபீசர் ஒருத்தரு குடுத்ததுன்னு வீட்ல சொல்லுவாங்க. அது நெசந்தானான்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, பேரன்கிட்ட குடுத்து வைப்பேன்" என்றார். அந்த மாமனார் மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து 1946இல் ஊர் திரும்பியவர் என்பதற்கு அவ்வீட்டில் தக்க ஆதாரங்கள் இருந்தன. கிதாருக்குத்தான் சாட்சி தேவைப்பட்டது.

வாத்தியத்தின் தலைப்பலகையில் யமஹா என்ற பெயரும், மூன்று இசைக்கவைகள் குறுக்கிட்ட சின்னமும் தெளிவாகத் தெரிந்தன. 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளின் நாதத்தைக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்து இளைஞர்களுக்கு யமஹா என்றால் வண்டிதான். ஆனால் வண்டி செய்யும் நிறுவனம் 1955இல் தனியாகப் பிரிந்த இளைய கிளையே. தொராகுசு யமஹா என்பவர் 1887இல் ஹமமாட்சு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பழுதுபட்டிருந்த ஆர்கன் பெட்டியைச் சீர்செய்து, அதன் உள்ளமைப்பைக் கற்று, தாமே ஒன்றைச் செய்து, அதைத் தோளில் சுமந்து ஹக்கோனே மலைகளைக் கடந்து, வித்வான்களிடம் பரீட்சை செய்விப்பதற்காகத் தோக்கியோ வரையில் நடந்தார் என்பது அந்நிறுவனத்தின் ஆதி சரித்திரம். தாம் செய்தது சரியான சுருதியில் இருக்கிறதா என்று அறிவதற்காக அத்தனை தூரம் நடந்த அம்மனிதரிடம் எனக்கு உள்ள மரியாதை பெரிது. 1897இல் அவர் ஸ்தாபித்த கம்பெனிக்கு நிப்பான் கக்கி என்று பெயர். 1987இல்தான் அது யமஹா கார்ப்பரேஷன் ஆயிற்று.

கிதாரின் வாய் வழியே பார்த்தால் உட்புறத்தில் சிவப்பு நிறச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. இராமபாணப் பூச்சிகள் அதன் கீழ்ப்பாதியை அரித்திருந்தன. எஞ்சிய பகுதியில் நிப்பான் என்ற சொல்லும், எஃப்ஜி 180 என்ற மாதிரிக் குறியும், அதன் கீழே வரிசை எண்ணும் நின்றன. வரிசை எண் முழுமையாக இருந்ததைக் கண்டு பேரன் மிகவும் மகிழ்ந்தான். எண் கிடைத்தால் வயதும் கிடைத்துவிடும் என்பது அவன் எண்ணம்.

எண் எல்லாச் சமயங்களிலும் அவ்வளவு தாராளமாக வாய் திறப்பதில்லை. அமெரிக்காவின் நாசரேத் ஊரில் உள்ள மார்ட்டின் கம்பெனியார் 1898இல் 8000 என்ற எண்ணில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக, இடையறாமல் எண்ணிக்கொண்டே வந்து 2004இல் பத்து லட்சத்தை எட்டினார்கள். அவர்களுடைய கிதாரின் எண்ணை அட்டவணையில் ஒத்துப் பார்த்தால் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். கிப்ஸன் கம்பெனியார் 1977 முதல் கையாண்ட எட்டிலக்க முறை இன்னும் சாமர்த்தியமானது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து ஆண்டைச் சொல்லும். இடையிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். கடைசி மூன்றும் அன்றைய வரிசையைச் சொல்வதோடு, ஐந்நூறுக்குக் கீழே இருந்தால் கலமஸூ தொழிற்சாலை என்றும், அதற்கு மேலே இருந்தால் நாஷ்வில் தொழிற்சாலை என்றும் ஊரையும் காட்டிக்கொடுக்கும். 81001123 என்றிருந்தால், 1981ஆம் ஆண்டின் நூறாவது நாளாகிய ஏப்ரல் 10ஆம் தேதி கலமஸூவில் முத்திரை இடப்பட்டது என்று பொருள். ஆனால் அதே கிப்ஸன் கம்பெனியார் 1970க்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஒரே எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட கிதார்களில் பொறித்திருக்கிறார்கள். யமஹாவிலோ ஜப்பானியத் தொழிற்சாலைக்கு ஒரு முறை, தைவானுக்கு ஒரு முறை, காலத்துக்குக் காலம் வேறொரு முறை என்று எண்கள் மாறி வந்திருப்பதால், ஒரே எண் பல ஊர்களுக்கும் பல ஆண்டுகளுக்கும் பொருந்தி நிற்கும். சீட்டிலிருந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை.

இந்த வகை கிதார்களில் கழுத்தும் உடலும் பொருந்துகின்ற உட்கட்டையின்மீது வேறொரு முத்திரை இருப்பது உண்டு. டார்ச் விளக்கையும் பல் வைத்தியர்கள் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடியையும் உள்ளே செலுத்திப் பார்த்தோம். அரை நூற்றாண்டுத் தூசியைத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தபின், கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த இலக்கங்களை நேராக்கிப் படித்தால் 45. 6. 18 என்று வந்தது.

இந்த மூன்று எண்கள்தாம் விசாரணையின் நடுநாயகம். நடுவிலுள்ள 6 மாதம் என்று கொண்டால், ஆண்டு இடக் கோடியில் இருக்க வேண்டும், அல்லது வலக் கோடியில் இருக்க வேண்டும். அம்மையார் குடும்பத்தார் இடக் கோடியைப் பற்றிக்கொண்டு, "1945, ஜூன் 18! மாமனாரு அப்ப படையிலதான இருந்தாரு!" என்றார்கள். அங்கே வந்திருந்த, செராமிக் பயிலகத்தில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வலக் கோடியைச் சுட்டி, 1918ஆகத்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் அலட்சியம் செய்யத் தக்கதன்று. இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. அதற்கிணங்க ஜப்பானியர் தம் பீங்கான்களின் அடியில் நிப்பான் என்று பொறித்து அனுப்பினார்கள். 1921இல் அமெரிக்கச் சுங்கத்தார் அந்தப் பெயரை ஏற்க மறுத்து, ஜப்பான் என்று எழுதக் கட்டளையிட்டார்கள். அதனால் நிப்பான் என்ற முத்திரை உள்ள கோப்பை 1921க்கு முந்தியது என்பது உலகெங்கும் பீங்கான் சேகரிப்போர் கைக்கொள்ளும் விதி. பிற்காலத்தில், 1947 முதல் 1952 வரையில், ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றுகூட அடிமுத்திரைகள் வந்தன. கோப்பைகளைப் பொறுத்தவரையில் பெரியவருடைய நியாயம் அப்பழுக்கற்றது. ஆனால் இங்கே நிப்பான் என்பது சுங்கத்துக்காகப் பொறித்த நாட்டின் பெயர் அன்று. கம்பெனியின் பெயரில் முற்பாதி. பிற்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. அன்றியும், ஆண்டு வலக் கோடியில் இருந்தால் 45 தேதியாக வேண்டும்; அது இயலாது.

1945 என்ற கூற்றையும் வாத்தியமே மறுத்தது. எஃப்ஜி என்ற வரிசை, நாட்டுப்புறப் பாடகர்களுக்கான இரும்புத் தந்திக் கிதார் என்ற பெயரில், 1966இல்தான் ஜப்பானில் பிறந்தது. 180 என்பது அவ்வரிசையின் முதல் மாதிரிகளுள் ஒன்று. அன்றியும், 1945 ஜூன் மாதத்தில் நிப்பான் கக்கியின் தொழிற்சாலைகள் எந்த நிலையில் இருந்தன என்பதைச் சரித்திரம் சொல்கிறது. போர்க்காலத்தில் அவை ஆகாய விமானங்களுக்குச் சுழல் தகடுகள் செய்துகொண்டிருந்தன. வாத்திய உற்பத்தி 1944லேயே நின்றுவிட்டது. ஹமமாட்சு நகரம் வானிலிருந்தும் கடலிலிருந்தும் குண்டு வீச்சுக்கு ஆளாயிற்று.

அப்படியானால் அந்த 45 எந்தக் கணக்கில் சேர்ந்தது? விடைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருத்தகிரீசுவரர் கோயிலின் மதிலருகே வாழ்பவர்களுக்கு அது பரிச்சயமான கணக்கே. உத்தம சோழரின் தாயாராகிய செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த அக்கோயிலின் சாசனங்களைப் படிப்பவர், அங்கே கிறிஸ்து சகாப்தத்தைக் காண மாட்டார். இன்ன அரசருக்கு யாண்டு இத்தனையாவது என்றுதான் கல் பேசும். அரசர் முடி சூடிய ஆண்டை அறிந்தால் சாசனத்தின் காலம் விளங்கும். அறியாவிட்டால் அந்த எண் எண்ணாகவே நிற்கும். ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டிலும் அந்த மரபைக் கைவிடவில்லை. ஹிரோஹிட்டோ சக்கரவர்த்தி 1926 டிசம்பர் 25ஆம் தேதி பட்டத்துக்கு வந்தார்; அவருடைய ஷோவா ஆண்டு அன்றைய தினமே தொடங்கியது. முதல் ஆண்டுக்கு ஒரு வாரமே ஆயுள். ஆகையால் ஷோவா எண்ணோடு 1925ஐக் கூட்டினால் நம்முடைய ஆண்டு வரும். ஆண்டு, மாதம், தேதி என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி எழுதுவதும் அவர்கள் வழக்கம். 45. 6. 18 என்பது 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் தேதி, வியாழக்கிழமை. ஒஸாகாவில் உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த பருவம் அது. 1972 வாக்கில் சிவப்புச் சீட்டுப் போய்ப் பச்சைச் சீட்டு வந்ததும் இந்தக் காலத்துக்கு அனுசரணையான சாட்சியமே.

பிறந்த தேதி நிச்சயமாகிவிட்டது. ஆனால் தோற்றத்தைத் தேடுகிறவனுக்கு அவ்வளவு போதாது. அந்நியச் சரக்குகளுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், ஜப்பானில் பிறந்த பொருள் மணிமுத்தாற்றங்கரைக்கு எந்த வழியாக வந்தது என்பதையும் அறிந்தாக வேண்டும். கிதார் இருந்த பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உட்புறப் பையில் வாத்தியக் கடையின் துண்டுச் சீட்டு ஒன்று கிடந்தது. விலாசத்தின் முடிவில் சிங்கப்பூர் என்றும், பக்கத்தில் 7 என்றும் இருந்தது. இந்த வட்டார எண்முறை அந்நகரில் 1950இல் தொடங்கி, 1979இல் நான்கிலக்கக் குறியீடு வந்ததும் மறைந்துபோயிற்று. பெட்டியின் கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையில் ராஜுலா என்ற கப்பலின் பெயரும், விருத்தாசலம், தென்னாற்காடு ஜில்லா, தமிழ்நாடு என்ற விலாசமும் மையினால் எழுதப்பட்டிருந்தன. அஞ்சல் குறியீட்டு எண் இல்லை. அது நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15 அன்று அமலுக்கு வந்தது. ராஜுலாவோ 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களைச் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமந்து, 1973இல் அத்தடத்திலிருந்து விடைபெற்ற கப்பல். ஆகவே 1970 ஜூன் மாதத்துக்கும் 1973க்கும் நடுவே, பெரும்பாலும் 1972க்கு முன்பே, இந்தப் பெட்டி கடல் கடந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் அந்தக் குடும்பத்தார் யாரேனும் இருந்தார்களா என்று அம்மையாரிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்து, "சின்ன மாமனாரு ஒருத்தரு இருந்தாருங்க. செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை. நான் கல்யாணமாகி வந்தப்ப அவரு உயிரோட இல்லை. வீட்ல அவரைப் பத்திப் பேச்சே வராதுங்க" என்று சொல்லி, உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். அது வேலையிலிருந்து விடுவித்த சான்றிதழ், ஆண்டு 1971. சூயஸுக்குக் கிழக்கே உள்ள தளங்களைக் காலி செய்வதென்று பிரிட்டிஷ் அரசு 1968இல் தீர்மானித்து, 1971 அக்டோபர் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து தன் படைகளின் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டபோது, அத்தளங்களை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பலர் தாயகத்துக்குக் கப்பல் ஏறினார்கள். மணமாகாமல், சந்ததி இல்லாமல், திரும்பிய சில ஆண்டுகளுக்குள் மறைந்துபோன அந்தத் தம்பியின் கிதார், புகழ் பெற்ற தமையனாரின் கதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சொல்வதற்குக் கதை உள்ளவரிடமே பொருள்கள் போய்ச் சேருகின்றன. வீட்டார் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை.

சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊரில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளப் புறப்பட்டபோது, அங்கே கிடைப்பது இதே பொன்தானா என்று ஒத்துப் பார்ப்பதற்காக மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்பது புராணம். இறைவன் கொடுத்ததற்கே மாதிரி வைத்துக்கொண்ட அந்தச் சிரத்தையை நான் பெரிதும் போற்றுகிறேன். அவ்வாறே, நிச்சயமானதை வேறாகவும் அனுமானத்தை வேறாகவும் பிரித்தே அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தேன். ஜப்பானில் நிப்பான் கக்கி கம்பெனியார் செய்தது, எஃப்ஜி 180, ஷோவா 45, அதாவது 1970, ஜூன் 18 என்பன நிச்சயம். சிங்கப்பூரில் வாங்கியது, ராஜுலாவில் வந்தது என்பனவற்றுக்குப் பெட்டியில் ஆதாரம் உண்டு. சின்ன மாமனாருடையது என்பது வலுவான அனுமானம்.

கிதாரின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது. முழுப்பலகையாக இருந்திருந்தால் விருத்தாசலத்துக் கோடையில், ஓட்டுக்கு அடியில், இத்தனை வருஷங்கள் வெடிக்காமல் தாங்கியிராது என்பது என் அபிப்பிராயம். தந்தி பூட்டும் பாலக்கட்டை மட்டும் பின்புறம் சற்றே தூக்கியிருந்தது. அதைப் பசை வைத்து அழுத்தாமல் தந்தி ஏற்ற வேண்டாம் என்று பேரனிடம் சொன்னேன்.

அம்மையார் நான் எழுதிய தாளைப் படித்தார். மாமனாரின் படைச் சேவையைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லையே என்று வருந்தினார். அது தனித்தாளில் எழுத வேண்டிய பெரிய விஷயம் என்று சொல்லி, அவர் சேர்ந்த ஆண்டையும் திரும்பிய ஆண்டையும் அவ்வீட்டில் இருந்த ஆதாரங்களைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதினேன். பிறகு அவர் முதல் தாளை வாங்கி, சின்ன மாமனாரின் பெயர் என்ன எழுத்தில் தொடங்கும் என்று மூத்த நாத்தனாரிடம் கேட்டுவரப் பேரனை அனுப்பினார்.