தங்கவயலிலிருந்து பொன்னம்பலம் வரை

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று சொன்ன மாத்திரத்தில், வெளியூர் அன்பர்கள் எங்கள் முகத்தை நோக்குவதில்லை. துணைவியாரின் கழுத்தையும் கையையுமே நோக்குகிறார்கள். அங்கே மஞ்சட் சரட்டில் ஒரு தாலியும், இடக் கையில் ஒற்றை வளையலும் அன்றி வேறில்லை. அவ்வளையலையும் கழற்றி அடகு வைத்துவிட்டு, பொன்னுக்குப் பேர்போன சில ஊர்களைக் காண நாங்கள் இருவரும் சென்று வந்ததைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

வளையலின் வரலாற்றை முதலில் சொல்லவேண்டும். எங்கள் தந்தையார் முப்பதாண்டுக் காலம் பூமிக்கடியில் இறங்கிப் பொன்பாறையை உடைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கங்கள் எங்களூரில் இருந்தன. வேலையில் இருந்தவரை அவர் ஒரு குன்றிமணிப் பொன்னும் வாங்கியவரல்லர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் கைக்கு வந்த தொகையில், வரப்போகும் மருமகளுக்கென்று இரண்டு சவரனில் ஒரு வளையல் செய்வித்தார். பொன்னெடுத்த குடும்பத்தில் பொன் நுழைந்தது, பொன் எடுப்பது நின்ற பிறகுதான்!

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் லைன் வீட்டுச் சுவரில் கூத்தப்பெருமான் படம் ஒன்று, கரும்புகையேறி, நெடுங்காலம் தொங்கிற்று. தில்லைக்கு ஒருமுறை சென்று வரவேண்டும் என்பார். ஒவ்வோர் ஆண்டும் மார்கழித் திருவாதிரை நெருங்கும். "அடுத்த வருஷம் போகலாம்" என்பார். நந்தனார் நாளைப் போவேன் என்றார்; இவர் அடுத்த ஆண்டு போவேன் என்றார். நந்தனாராவது போய்ச் சேர்ந்தார். எங்கள் தந்தையார் 2009-இல், பாறைத்தூசி படிந்த நுரையீரலோடு, தில்லை காணாமலே மறைந்தார்.

நடுவணரசு ஊழியர்க்கு நான்காண்டுகளுக்கு ஒருமுறை இந்தியாவில் எவ்வூர்க்கும் சென்றுவரப் பயணச் சலுகை உண்டு. வண்டிக் கட்டணம் மட்டுமே கிடைக்கும். அறை வாடகையும் உணவும் நம் பாடு. காலக்கெடு முடியவிருந்த அதே மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணமும் வந்து நின்றது. சலுகை போனால் போகட்டும் என்று நாங்கள் வாளாவிருந்தபோது, துணைவியார் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தங்கம் கையில இருந்தா என்ன, பேங்க்குல இருந்தா என்ன? மாமா போகாத ஊருக்கு நாமாவது போயிட்டு வரலாங்க" என்றார். மறுமொழி சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. தேவைக்கென இருபதாயிரம் ரூபாய் மட்டும் பெற்றோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று கணக்குப் புத்தகமாயிற்று. நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு காப்பி என்பது அதன் முதற்பக்கச் சட்டம்.

மாரிக்குப்பத்தில் ஏறிப் பங்காருப்பேட்டையில் வண்டி மாறிக் காட்பாடியில் இறங்கினோம். வேலூரை அடுத்த திருமலைக்கோடியில், 2007-இல் எழுந்த ஸ்ரீபுரம் பொற்கோயில் உச்சிவெயிலில் தகதகத்தது. 1,500 கிலோ பொன் என்றார்கள். எழுத்தர் வேலை பார்த்துப் பழகிய மனம் உடனே கணக்கில் இறங்கிற்று. எங்கள் சுரங்கங்கள் மூடுங்காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்தது ஏறத்தாழ 3 கிராம் பொன். அக்கணக்கில் இக்கோயிலுக்கு 5 இலட்சம் டன் பாறை உடைபட்டிருக்க வேண்டும். அடகிலிருக்கும் வளையலுக்கே 5 டன்னுக்கு மேல்! இதைச் சொன்னபோது துணைவியார் வெறுங்கையைத் தடவிக்கொண்டார். "அஞ்சு டன்னையா கையில மாட்டிக்கிட்டிருந்தேன்?" என்று சிரித்தார்.

விழுப்புரம் வழியாகச் சிதம்பரம் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. விடுதி ஒன்றில் வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்குமாறு வேண்டிக்கொண்டிருந்தோம். முகவரியைப் படித்த இளைஞர் நிமிர்ந்தார். "கே.ஜி.எஃப்.பா? அந்தப் படத்துல வர்ற ஊரா? அப்போ உங்க வீடெல்லாம் தங்கமா இருக்குமே சார்!" 2018-இல் அந்தத் திரைப்படம் வந்த நாள்முதல் இது எங்களுக்குப் பழகிய வரவேற்பு. அதன்பின் ஐம்பது ரூபாயைப் பற்றிப் பேச வாய் வருமா? கேட்டதைக் கொடுத்தோம். கணக்குப் புத்தகத்தில் துணைவியார் "படத்துக்கு 50" என்று எழுதிவைத்தார்.

விடியலில் நீராடித் திருக்கோயிலுட் புகுந்தோம். முதற் பராந்தக சோழன் பொன் வேய்ந்ததாகச் செப்பேடுகள் புகழும் அம்பலம். ஸ்ரீபுரத்தின் பளபளப்பு இங்கில்லை. விளக்கொளியில் பழுத்த நெல்லின் நிறமாய்க் கூரை தெரிந்தது. அருகில் நின்ற முதியவர் ஒருவர், யாம் கேளாமலே, விளக்கத் தொடங்கினார். கூரையின் பொன்னோடுகள் 21,600. மனிதன் ஒருநாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது. அவற்றைப் பொருத்திய ஆணிகள் 72,000. உடலின் நாடிகள் அவை. இப்படி அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் செவியில் ஆணிகள் ஏறவில்லை. 21,600 என்ற எண்ணோடு நின்றுவிட்டோம்.

ஒரு மணிக்கு 900, நிமிடத்துக்கு 15.

தந்தையாரின் கடைசிக் குளிர்காலத்தில், நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் அழைத்து வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் முறைவைத்து இரவெல்லாம் எண்ணினோம். 28, 31, சில இரவுகளில் 36. விலா ஏறி இறங்கும், இடையிடையே அவர் கண்ணைத் திறந்து, "எவ்வளவு?" என்பார். "இருபதுதான்" என்று பொய் சொல்லுவோம். அம்பலத்தின்முன் நின்று பார்த்தால், ஒரு நாளைக்குரிய ஓடுகளை அவர் அரை நாளிலேயே தீர்த்துவிட்டிருக்கிறார். துணைவியாரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. வேண்டுதல் என்று எண்ணினோம். இல்லை, எண்ணிக்கொண்டிருந்தார். முன்பு படுக்கையருகே அமர்ந்து எண்ணிய அதே மெல்லிய குரலில், "பதினாலு, பதினஞ்சு" என்று நிறுத்திவிட்டு, "இது நம்ம மூச்சுங்க" என்றார்.

அன்று நெய்விளக்கு ஒன்று ஏற்றினோம். திட்டத்தில் இல்லாத செலவு. காப்பியைத் துறந்து ஈடுகட்டினோம்.

தஞ்சையில் அரைநாள்தான் தங்கினோம். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெருங்கோயிலின் சுவரெங்கும் எழுத்து. மன்னனும் அவன் தமக்கையும் பிறரும் ஈந்த பொன், கழஞ்சு, மஞ்சாடி என்று நுணுக்கமாக எடையிட்டுப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆடல் மகளிர் நானூற்றுவர் பெயரும் கல்லில் உண்டு. பொன் எடுத்தவன் பெயரை எங்கே தேடுவது? பொன்னை எடையிட்ட கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயராம். எங்கள் வீட்டுச் சுவரில் புகையேறித் தொங்கிய அதே பெருமான் பெயர்! இராசராசன் மகன் இராசேந்திரனின் கல்வெட்டு எங்கள் கோலாரம்மன் கோயிலிலும் உண்டு என்று அங்கே ஒருவரிடம் பெருமையாகச் சொன்னோம். அவரும் திரைப்படத்தைப் பற்றித்தான் கேட்டார்.

மதுரையில் பொற்றாமரைக் குளத்தின் படியில் அமர்ந்து மீதிப் பணத்தை எண்ணினோம். ஊர் திரும்பப் போதும் என்ற அளவில் இருந்தது. இட்டிலியோடு இரவைக் கழித்து வண்டியேறினோம். பங்காருப்பேட்டையில் கிளைவண்டிக்குக் காத்திருக்கையில், "எந்த ஊருங்க?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். சாம்பியன் ரீஃப் என்றோம். "எந்த லைனு?" என்றார் அவர். கையை யாரும் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து வளையலை மீட்டோம். வங்கியின் மதிப்பீட்டாளர் தராசில் வைத்துப் பார்த்து, 16 கிராமுக்குச் சற்றுக் குறைகிறதே என்றார். "இருபது வருஷமாப் பாத்திரம் தேய்க்கிற கைங்க" என்று சொல்லி, துணைவியார் அதை வாங்கி இடக் கையில் போட்டுக்கொண்டார்.